சூரிய நமஸ்காரமும் கர்ப்பஸ்திரீயின் எலும்பும்

நம் நாட்டு வைதீகர்களுக்குச் சமீப காலமாக ஒரு புது வியாதி கண்டிருக்கின்றது. அதாவது, யாராவது எங்கேயாவது அரும்பாடுபட்டு ஒரு உண்மையைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னால், மறுநாளே, "இது எங்கள் ரிஷிகளுக்கு எப்பொழுதோ தெரியும்" என்று புறப்பட்டு விடுவதாகும். முன்பெல்லாம் விஞ்ஞானத்தை மிலேச்ச வித்தை என்று ஒதுக்கினார்கள். இப்பொழுது ஒதுக்க முடியவில்லை. ஆதலால் அதைத் தங்கள் பஞ்சாங்கத்துக்குள் இழுத்துப் போட்டுக் கொள்ளப் பார்க்கின்றார்கள்.

இந்த வகையில் இப்பொழுது அடிக்கடி காதில் விழுவது என்னவென்றால், சூரிய வெளிச்சத்தில் வைட்டமின் டி என்னும் ஜீவசத்து உண்டாகின்றதென்று டாக்டர்கள் இன்று சொல்லுவதை நமது பெரியவர்கள் ஆதியிலேயே அறிந்துதான் சூரிய நமஸ்காரத்தையும் சந்தியாவந்தனத்தையும் ஏற்படுத்தினார்கள் என்பதாகும். படித்தவர்களும் இதைக் கேட்டுத் தலையாட்டுகின்றார்கள். நாம் இதைச் சும்மா விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பொய்ப் பெருமைக்கு அடியில் கர்ப்பஸ்திரீகளின் எலும்பும், பிறக்கப் போகும் குழந்தைகளின் உயிரும் மாட்டிக் கொண்டிருப்பதால் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கின்றது.

முதலில் இவர்களை மூன்று கேள்விகள் கேட்கின்றோம். சூரிய ஒளியில் உடம்புக்கு வேண்டிய சத்து இருக்கின்றதென்று உங்கள் ரிஷிகளுக்குத் தெரிந்திருந்தால், அந்த ஒளி யாருக்கு மிகவும் அவசியமோ அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை ஏன் இருட்டறையில் உட்கார வைத்தீர்கள்? சந்தியாவந்தனத்தை ஆணுக்கு மாத்திரம், அதிலும் பூணூல் போட்ட ஆணுக்கு மாத்திரம், ஏன் விதித்தீர்கள்? பெண்ணுக்கும் சூத்திரனுக்கும் எலும்பு இல்லையா? கிரகணத்தன்று கர்ப்பிணியைக் கதவடைத்துப் போடுவதற்கு விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு, மற்ற நாட்களில் அவளைக் கொஞ்சம் வெயிலில் விடுங்கள் என்று ஒரு வரி எழுதத் தெரியாமல் போனது எப்படி? குந்திக்குச் சூரியனே நேரில் வந்து பிள்ளை கொடுத்தான் என்று பாரதத்தில் இருப்பதை நம்புகின்ற வீட்டிலேதான், மருமகள் மாசமாயிருந்தால் அவள் மேல் சூரிய வெளிச்சமே படக்கூடாது என்கின்றார்கள். இதன் யோக்கியதையை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க, விஷயத்திற்கு வருவோம். வைட்டமின் டி என்பது மற்ற ஜீவசத்துக்களைப் போலச் சாப்பாட்டில் தாராளமாகக் கிடைப்பதல்ல. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன், மீன் ஈரல் எண்ணெய், முட்டையின் மஞ்சட்கரு ஆகிய சிலவற்றில்தான் அது உண்டு. அரிசியிலும் பருப்பிலும் காய்கறியிலும் அநேகமாக இல்லை. பெரும்பகுதியை நமது தோலே தயாரித்துக் கொள்ளுகின்றது. சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கிரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி தோலில் பட்டால், தோலிலுள்ள ஒரு கொழுப்புப் பொருள் இந்தச் சத்தாக மாறுகின்றது. பிறகு ஈரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்துகின்றன. அதன் முக்கிய வேலை, நாம் தின்னும் ஆகாரத்திலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் குடல் இழுத்துக் கொள்ளும்படி செய்வது. இந்தச் சத்து இல்லாவிட்டால் பாலும் கேழ்வரகும் எவ்வளவு சாப்பிட்டாலும் அதிலுள்ள சுண்ணாம்பில் பெரும்பாகம் வீணாக வெளியே போய்விடும். எலும்பு மெதுவாகிவிடும்.

இப்பொழுது சூரிய நமஸ்காரத்தைப் பார்ப்போம். அதைச் செய்வது விடியற்காலையில். அந்த நேரத்தில் சூரியன் அடிவானத்தில் சாய்ந்திருப்பதால், அதன் ஒளி வெகுதூரம் காற்று மண்டலத்தைக் கடந்து வர வேண்டியிருக்கின்றது. நமக்கு வேண்டிய கிரணங்கள் வழியிலேயே தடைபட்டுப் போகின்றன. இதைப் பரீட்சை செய்ய யந்திரம் வேண்டியதில்லை. வெயிலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் இந்தச் சத்து வெகு சொற்பமாகவே உண்டாகும். நிழல் உயரத்தைவிடக் குறுகினால் நன்றாக உண்டாகும். சாட்சாத் திருப்பதியிலேயே ஆராய்ச்சி செய்து பார்த்ததில், காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் இது நன்றாக உண்டாகும் நேரம் என்று கண்டிருக்கின்றார்கள். வைதீகன் கும்பிடுகின்ற சூரியனிடத்தில் இந்தச் சத்து இல்லை. அவன் எந்த நேரத்தில் பெண்ணை வாசற்படி தாண்டாதே என்கின்றானோ அந்த நேரத்துச் சூரியனிடத்தில்தான் இருக்கின்றது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வெயில் காய்ந்தாலும் பிரயோஜனமில்லை. கண்ணாடி அந்தக் கிரணங்களைத் தடுத்து விடும்.

இதை உலகத்துக்குச் சொன்னவர்கள் ரிஷிகளல்ல. 1822-ல் போலந்து தேசத்து வைத்தியர் ஸ்னியாடெக்கி என்பவர், பட்டணத்துக் குழந்தைகளுக்குக் கால் வளைவதையும் கிராமத்துக் குழந்தைகளுக்கு அப்படி ஆகாததையும் பார்த்து, வெயில்தான் காரணமென்று எழுதினார். 1890-ல் பாம் என்ற ஆங்கில வைத்தியர், வெயில் நிறைந்த கீழ்நாடுகளையும் புகை மூடிய இங்கிலாந்து நகரங்களையும் ஒப்பிட்டு அதையே சொன்னார். 1919-ல் பெர்லினில் ஹுல்ட்சின்ஸ்கி என்பவர், ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு வளையும் நோய் கண்ட குழந்தைகளைப் பாதரச விளக்கின் ஒளியில் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி படும்படி செய்தும், மற்றக் கை எலும்பும் தேறியதைக் கண்டார். அதே காலத்தில் லண்டனில் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளுக்கு அந்த நோயை வரவழைத்து, மீன் ஈரல் எண்ணெயால் தீர்த்தார். தீர்த்தது வைட்டமின் ஏ-ஆக இருக்கலாம் என்று அவர் நினைத்தார். அது சரியல்ல, வேறொரு சத்து என்று மெக்காலம் என்பவர் அமெரிக்காவில் 1922-ல் நிரூபித்து, அதற்கு டி என்று பெயர் வைத்தார்.

இதில் நமது வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒருவர் சொன்னதை மற்றொருவர் பரீட்சித்துத் திருத்தினார். திருத்தப்பட்டவரை யாரும் நரகத்துக்கு அனுப்பவில்லை. திருத்தியவரை யாரும் நாஸ்திகன் என்று ஜாதியை விட்டுத் தள்ளவுமில்லை. உண்மை வளர்ந்தது இப்படித்தான். எந்தச் சுலோகத்திலிருந்தும் ஒரு குழந்தையின் கால் நேரானதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கர்ப்பஸ்திரீயின் சங்கதியே இதில் மிகப் பரிதாபமானது. வயிற்றிலிருக்கும் சிசுவின் எலும்புக்குச் சுமார் 30 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதில் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதத்தில் அது தாயிடமிருந்தே எடுத்துக் கொள்ளுகின்றது. தாய்க்கு வைட்டமின் டி இருந்தால் குடல் வழியாக அது கிடைக்கும். இல்லாவிட்டால் அவள் எலும்பு கரையும். ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளை பெற்று, வெயிலும் காணாமல், நல்ல ஆகாரமும் இல்லாமலிருந்தால் இடுப்பெலும்பே மெதுவாகி, உடல் பாரத்தால் நசுங்கிக் குறுகிவிடும். முதற் பிரசவம் சுகமாக ஆனவளுக்குக்கூட நான்காம் பிரசவத்தில் பிள்ளை வெளிவர வழி இராது.

இது நமது கற்பனையல்ல. காஷ்மீரத்தில் ஸ்ரீநகரில் வைத்தியம் பார்த்த டாக்டர் காத்லீன் வாகன் என்ற மாது, கோஷா முறையும் அது தாய்மைக்குச் செய்யும் கேடும் என்பதைப் பற்றி 1928-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த ஊரில் படகுகளில் வசித்து வெளியில் உழைத்த ஏழை ஸ்திரீகளுக்குப் பிரசவம் எளிதாக இருந்ததையும், நான்கு சுவருக்குள் அடைபட்ட கௌரவ வீட்டு ஸ்திரீகளுக்கு எலும்பு மெதுவாகிப் பிரசவமே எமனாக வந்ததையும் அவர் கண்ணால் கண்டு எழுதினார். அறுவைச் சிகிச்சை பத்திரமில்லாத அந்தக் காலத்தில், இடுப்பெலும்பு குறுகிப் போனால், தாயைக் காப்பாற்றப் பிள்ளையைக் கொன்று எடுக்க வேண்டியிருந்தது. அல்லது இரண்டு பேரும் செத்தார்கள். ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள்? தலைவிதி என்றும், பூர்வஜென்ம பாவம் என்றும்தானே! மதம் எதுவானாலும், பெண்ணை மறைத்து வைப்பதுதான் மானம் என்று சொன்ன மதமெல்லாம் இந்தக் கொலையில் பங்குள்ளவைதான்.

வடக்கேதான் கோஷா, தெற்கே இல்லை என்று யாரும் பெருமை கொள்ள வேண்டியதில்லை. சென்னையில் 1885-ல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி ஏற்படுத்தினபோது, அதற்கு ஜாதி ஸ்திரீகளுக்கும் கோஷா ஸ்திரீகளுக்குமான ஆஸ்பத்திரி என்றே பெயர் வைக்க வேண்டியிருந்தது. இன்று துணித்திரை இல்லை. அந்த இடத்தில் வேறு திரைகள் வந்திருக்கின்றன. வெயிலில் போனால் பிள்ளை கறுத்துவிடும் என்பது ஒரு திரை. கர்ப்பிணி வெளியில் போனால் கண்ணேறு படும், காத்துக் கருப்பு அண்டும் என்பது ஒரு திரை. லக்னோவில் 207 கர்ப்பிணிகளைச் சோதித்து 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 100-க்கு 84 பேருக்கு இந்தச் சத்துப் பற்றாமலிருந்தது. பட்டணத்திலும் கிராமத்திலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தேசத்தில் இந்த நிலை!

இனிக் குழந்தையைப் பார்ப்போம். பிறக்கும் குழந்தையிடமுள்ள வைட்டமின் டி முழுதும் தாய் கொடுத்ததேயாகும். தாய்க்கே இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஏது? இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, பிறந்த சில நாட்களிலேயே சில குழந்தைகளுக்கு இசிவு கண்டுவிடும். நம் ஊர்களில் இதற்கு என்ன பெயர்? பட்சி தோஷம் என்பார்கள். தாயத்துக் கட்டுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள், அதற்குள் குழந்தை போய்விடும். லண்டனில் குடியேறிய ஆசியக் கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்தி 1980-ல் வெளியிட்ட பரீட்சையைப் பாருங்கள். கடைசி மூன்று மாதத்தில் 59 பேருக்குத் தினம் 1000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தார்கள். 67 பேருக்குச் சத்தில்லாத போலி மருந்து கொடுத்தார்கள். போலி மருந்து உண்டவர்களின் குழந்தைகளில் 5 குழந்தைகளுக்குச் சுண்ணாம்புக் குறைவால் நோய்க்குறி கண்டது. சத்து உண்டவர்களின் குழந்தைகளில் ஒன்றுக்குக்கூட வரவில்லை. அந்த 59 குழந்தைகளிடமும் பட்சி வரவில்லை போலும்!

இவ்வளவும் சொன்னதனால், மாத்திரைக் கடைக்காரன் பின்னால் போங்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். புரோகிதனை விட்டு மருந்து வியாபாரியின் காலில் விழுவது பகுத்தறிவாகாது. இந்தச் சத்தைத் தின்றால் பிள்ளை பெரிதாக வளரும், புத்திசாலியாகும், சகல நோயும் தீரும் என்று விளம்பரம் செய்கின்ற கூட்டமும் ஒன்று கிளம்பியிருக்கின்றது. உண்மை என்னவென்றால், டாக்காவில் 1,300 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2018-ல் முடிவு வெளியிட்ட பரீட்சையில், வாரத்திற்கு 28,000 யூனிட் வரை கொடுத்தும் சிசுவின் வளர்ச்சியிலோ, குழந்தைக்கு ஒரு வயதாகும்போது அதன் உயரத்திலோ வித்தியாசம் காணவில்லை. இங்கிலாந்தில் தினம் 1000 யூனிட் கொடுத்து நடத்திய பரீட்சையிலும், குழந்தைகளின் எலும்பில் மொத்தத்தில் வித்தியாசமில்லை. வெயில் இல்லாத மாரிக்காலத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மாத்திரம் எலும்பு வலுத்திருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2016-லும் 2020-லும், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியதில்லை, குறைவுள்ளதாகத் தோன்றுகிறவர்களுக்குத் தினம் 200 யூனிட் கொடுக்கலாம் என்று சொல்லிற்று. பிரிட்டிஷ் சர்க்கார் தங்கள் நாட்டுக் கர்ப்பிணிகளுக்குத் தினம் 400 யூனிட் என்கின்றது. நமது தேசத்து ஆகார ஆராய்ச்சியாளர்கள் ஆகாரத்திலும் மருந்திலுமாக நாளொன்றுக்கு 600 யூனிட் வேண்டும் என்று 2020-ல் கணக்கிட்டிருக்கின்றார்கள்.

"பார்த்தீர்களா, டாக்டர்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை" என்று வைதீகன் கை கொட்டுவான். நாம் சொல்லுகின்றோம்: இதுதான் அறிவுக்கு அழகு. வெயில் இல்லாத நாட்டுக்கு ஒரு கணக்கு, உள்ள நாட்டுக்கு ஒரு கணக்கு. குறைவுள்ளவளுக்கு அவசியம், குறைவில்லாதவளுக்கு அதிகமாகக் கொடுத்தால் ஒன்றுமில்லை. இவ்வளவுதான் இதிலுள்ள இரகசியம். எல்லா ஊருக்கும், எல்லா யுகத்துக்கும், எல்லா நோய்க்கும் ஒரே மந்திரம் சொல்லுகிறவன்தான் பித்தலாட்டக்காரன்.

அதிகமானால் ஆபத்தும் உண்டு. கடைகளில் 60,000 யூனிட் பொட்டலம் விற்கின்றார்கள். வைத்தியர் வாரத்துக்கு ஒன்று என்று, அதுவும் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டுமே, எழுதிக் கொடுப்பதை அறியாமல் தினம் ஒன்றாக விழுங்கினால், இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, வாந்தியும் தாகமும் மலச்சிக்கலும் கண்டு, சிறுநீரகம் கெட்டுப்போகும். ஆதலால் வைத்தியர் சொல்லாமல் இந்தப் பொட்டலத்தைத் தொடவே கூடாது.

அப்படியானால் நமது கர்ப்பஸ்திரீகள் செய்ய வேண்டியது என்ன? சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை இனாமாகக் கொடுப்பதற்குத் திட்டம் இருக்கின்றது. ஒவ்வொரு மாத்திரையிலும் 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் 250 யூனிட் வைட்டமின் டியும் உண்டு. கர்ப்பம் 14 வாரம் ஆனதிலிருந்து, பிள்ளை பெற்று 6 மாதம் வரை, தினம் இரண்டு மாத்திரை சாப்பாட்டுடன் சாப்பிட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளையில் சாப்பிட வேண்டும். சேர்த்துத் தின்றால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. எலும்பு வலி, இடுப்பு வலி, குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமை, நடை தள்ளாடுதல் ஆகியவை இருந்தால் வைத்தியரிடம் சொல்லிச் சோதித்துக் கொள்ள வேண்டும். நிழல் குறுகிய நேரத்தில் முகமும் கையும் படும்படி கொஞ்ச நேரம் வெளியில் நடமாட வேண்டும். மயக்கம் வரும்படி அக்கினி நட்சத்திர வெயிலில் போய் நிற்க வேண்டியதில்லை. கறுத்த தோலுக்குச் சற்று அதிக நேரம் வேண்டியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முட்டையும் மீனும் சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிட வேண்டும். பிறந்த குழந்தைக்கும் தாய்ப்பாலில் இந்தச் சத்துப் போதாதாகையால், குழந்தை வைத்தியர்கள் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்லுகின்றார்கள்.

ஆனால் வீடுகளில் நடப்பது என்ன? சுகாதார நர்சு கொடுத்த மாத்திரை பரண்மேல் கிடக்கின்றது. "மாத்திரை தின்றால் பிள்ளை பெருத்துப் போகும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டி வரும்" என்று மாமியார் சொல்லுகின்றார்கள். "இரும்பு மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லுகின்றார்கள். பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வித்திலிருந்து வருவதே தவிர மாத்திரையிலிருந்து வருவதல்ல. சிகப்பாய்ப் பிறக்க வேண்டுமென்று குங்குமப்பூவுக்குக் கொட்டிக் கொடுக்கின்ற பணத்தில், ஒன்பது மாதமும் அந்தப் பெண்ணுக்குத் தினம் ஒரு முட்டை வாங்கிக் கொடுக்கலாம். சீமந்தத்துக்குப் புரோகிதனுக்குத் தட்சணை கொடுக்கின்ற புருஷனிடம், உன் பெண்சாதி மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்டால் விழிக்கின்றான்.

இதற்கெல்லாம் அவர்கள் சொல்லும் கடைசிப் பதில், "எங்கள் பாட்டிமார் மாத்திரை தின்றா பத்துப் பிள்ளை பெற்றார்கள்?" என்பதாகும். பத்துப் பெற்றுப் பிழைத்த பாட்டிதான் பேரனிடம் கதை சொல்ல இருந்தாள். இரண்டாவதிலேயே செத்துப் போனவளின் கதையை யார் சொல்லுவார்? 1946-ல் போர் கமிட்டியார் போட்ட மதிப்பின்படி, இந்நாட்டில் 1000 பிரசவத்துக்கு 20 தாய்மார், வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் பேர், இறந்து கொண்டிருந்தார்கள். 2018-20-ல் அது லட்சத்துக்கு 97 ஆகக் குறைந்தது. இந்தக் குறைவு வைட்டமினால் மட்டும் ஆனதல்ல. ஆஸ்பத்திரியும், இரத்தம் ஏற்றுவதும், சுத்தமும், நல்ல மருந்தும், படித்த நர்சுகளும் சேர்ந்து செய்ததாகும். எந்த ஹோமத்தாலும் ஆனதல்ல என்பது மாத்திரம் நிச்சயம்.

ஆகவே தோழர்களே, இது வெறும் மாத்திரை விஷயமல்ல. ஒரு பெண் எப்பொழுது வாசலுக்கு வரலாம், எதைத் தின்னலாம், எந்த மருந்தைச் சாப்பிடலாம் என்று அவளைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானிக்கின்ற விஷயமாகும். அந்த அதிகாரம் அவளிடம் வர வேண்டும். இதைப் படிக்கின்ற ஆண்கள் இன்றே வீட்டுப் பரணைப் பார்க்கட்டும். அங்கே அந்த மாத்திரை கிடந்தால் எடுத்து, அதன் உபயோகத்தை மனைவியிடமும் தாயிடமும் விளக்கிச் சொல்லட்டும். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டட்டும். சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லையென்றால் ஊரார் சேர்ந்து போய்க் கேட்கட்டும். அது பிச்சையல்ல, நமது வரிப்பணம். சூரியனைக் கும்பிடுவதில் காலத்தைக் கழித்தது போதும். அந்த வெளிச்சம் நமது பெண்மக்கள் மீது படும்படி கதவைத் திறந்து விடுங்கள் என்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.